ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் இரண்டாவது ஆள்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: முப்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்த ஃபிலிம் கேமராக்களையும் லென்ஸ்களையும் இணைய ஏலத் தளம் ஒன்றில் விற்கத் தொடங்கியிருக்கிறேன். மொத்தம் 11 பொருள்கள். முதல் மூன்றைக் குறைந்த தொடக்க விலையில் போட்டேன். மூன்றும் நான் எதிர்பார்த்ததில் பாதிக்குத்தான் போயின. கடைசி நிமிடம் வரை சும்மா இருந்துவிட்டு, முடியும் நேரத்தில் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். அடுத்த இரண்டை நான் நினைத்த விலையிலேயே தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை, 'கடைசி விலை என்ன?' என்ற செய்திகள் மட்டும் வந்தன. மூன்றாவதாக விற்ற லென்ஸை இன்னும் அனுப்பவில்லை. ரத்து செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அதை எடுத்தவரோ, அதற்குரிய தோல் உறை இருக்கிறதா என்று கேட்கிறார். நான் பதில் எழுதவில்லை. வேறொரு கணக்கிலிருந்து ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடலாம் என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். மலிவு தேடி அலையும் இவர்களிடமிருந்து நியாயமான விலையை எப்படிப் பெறுவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலம் முடிந்த அந்த லென்ஸைத் தாமதிக்காமல் அனுப்பிவிடுங்கள். ஏலம் முடிந்த நொடியில், தொகை சிறிதானாலும் பெரிதானாலும், விற்பனையும் முடிந்துவிட்டது. குறைந்த விலைக்கும் போகலாம் என்பதை, தொடக்க விலையைக் குறைத்து வைத்த அன்றே நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். விலை பிடிக்கவில்லை என்று ரத்து செய்தால் தளம் உங்கள் கணக்கின் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். மீதமுள்ள எட்டுப் பொருள்களை வாங்கக்கூடியவர்கள் உங்கள் கணக்கின் கீழ் உள்ள மதிப்புரைகளைத்தான் முதலில் படிப்பார்கள். 'ஏலத்தில் வென்றேன், அனுப்ப மறுத்துவிட்டார்' என்ற ஒரு வரி அங்கே நின்றுவிட்டால், இந்த ஒரு லென்ஸில் இழந்ததாக நீங்கள் நினைப்பதைவிட அதிகத்தை அந்த எட்டிலும் சேர்த்து இழப்பீர்கள்.

வேறொரு கணக்கிலிருந்து விலையை ஏற்றும் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். அது மோசடி. ஏலத் தளங்கள் அதைத் தடை செய்கின்றன. பல நாடுகளில் சட்டமும் தண்டிக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஈபே தளத்தில் ஓர் ஓவியத்தின் ஏலம் 1,35,000 டாலரைத் தாண்டிச் சென்றது. விற்றவரும் அவருடைய கூட்டாளிகளும் போலிக் கணக்குகளில் ஏலம் கேட்டு விலைகளை ஏற்றி வந்தது தெரிந்ததும் அந்த விற்பனை ரத்தானது, அடுத்த ஆண்டே அவர்களில் இருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நேர்மைக் கேள்வியை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் இது உதவாது. போலிக் கேட்பே வென்றுவிட்டால் பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கும், கட்டணத்தைத் தளத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், உண்மையாகவே வாங்க வந்தவர் வேறு ஏலத்துக்குப் போயிருப்பார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுவதிலும் ஓடுவது ஓர் எண்ணம்: மலிவு தேடுபவர்கள் உங்கள் பொருளின் விலையைக் கீழே இழுக்கிறார்கள் என்பது. இத்தனை ஆண்டுகள் பழைய கருவிகளை மதிப்பிட்டும் பிறருக்காக ஏலத்தில் விற்றுக் கொடுத்தும் வந்த அனுபவத்தில் சொல்கிறேன், அவர்களால் அதைச் செய்ய முடியாது. குறைவாகக் கேட்பவர் எத்தனை பேர் வந்தாலும், அவர்களைவிட அதிகமாகக் கேட்பவர் ஒருவர் வந்துவிட்டால் அவர்கள் எல்லாரும் விலகிவிடுவார்கள். ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் வென்றவரும் இல்லை, மலிவு தேடுபவரும் இல்லை. வென்றவருக்கு அடுத்தபடியாக அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தவர்தான் தீர்மானிக்கிறார்.

பெரும்பாலான இணைய ஏலங்கள் எப்படி இயங்குகின்றன என்று பாருங்கள். வாங்க விரும்புபவர் தன்னால் கொடுக்க முடிந்த உச்சத் தொகையைத் தளத்தில் பதிந்து வைக்கிறார். அந்தத் தொகையைத் தளம் வெளியே காட்டுவதில்லை. பிறர் கேட்கக் கேட்க, அவர்களைவிட ஒரு படி மட்டும் அதிகமாக அவர் சார்பில் கேட்டுக்கொண்டே போகிறது. ஒருவர் 100 வரை கொடுக்கத் தயார், அடுத்தவர் 50 வரை, மூன்றாமவர் 35 வரை என்று வைத்துக்கொண்டால், ஏலம் 50-க்குச் சற்று மேலே முடிந்துவிடும். முதலாமவர் 100-க்குப் பதிலாக 180 கொடுக்கத் தயாராக இருந்திருந்தாலும் விலை அதே 50-க்குச் சற்று மேல்தான். ஆனால் 90 வரை போகத் தயாரான இன்னொருவர் அந்த வாரம் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் விலை 90-ஐத் தாண்டியிருக்கும். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் இரண்டாவது உயர்ந்த கேட்பே விலையாகும் ஏல முறையை 1961-இலேயே ஆராய்ந்து எழுதினார். 1996-இல் நோபல் பரிசு பெற்றார். இணைய ஏலங்கள் அந்த முறைக்கு மிக நெருக்கமானவை.

உங்கள் மூன்று பொருள்களும் ஏன் ஏறக்குறைய ஒரே இடத்தில், பாதியில், நின்றன என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பழைய கேமரா ஏலங்களுக்கு வருபவர்கள் ஒரே வகையினர் அல்லர். வாங்கி மறுபடி விற்கும் வியாபாரிகள் ஒரு வகை. மறுவிற்பனையில் 100 கிடைக்கும் பொருளில் அவர்கள் தளத்தின் கட்டணம், துடைத்துப் பழுது பார்க்கும் செலவு, திரும்பி வரும் அபாயம், தங்கள் உழைப்புக்கான லாபம் ஆகியவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். மிஞ்சுவது பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்பது இயல்பு. அதற்கு மேல் ஒரு காசும் அவர்கள் கேட்க மாட்டார்கள். அந்தக் குறிப்பிட்ட லென்ஸுக்காகவே காத்திருக்கும் சேகரிப்பாளர்களும் அதை உண்மையில் பயன்படுத்தப் போகிறவர்களும் இன்னொரு வகை. இவர்கள் முழு விலையைக் கொடுக்கக்கூடியவர்கள், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. உங்கள் ஏலத்துக்கு அப்படிப்பட்டவர் ஒருவர் மட்டும் வந்திருந்தால், அவருக்கு எதிரே நின்ற இரண்டாவது ஆள் வியாபாரியாக இருந்திருப்பார். விலை வியாபாரியின் உச்சத்தில் நின்றிருக்கும். அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது என்று நீங்கள் வருந்தும் அந்தத் தொகை, வியாபாரி அங்கே இருந்ததால் கிடைத்த தொகை. அவரும் வராமல் இருந்திருந்தால் 35-இல் முடிந்திருக்கும்.

ஆகவே மலிவு தேடி வருபவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் உங்கள் விலைக்கு அடியில் விரிக்கப்பட்ட வலை போன்றவர்கள். மேலும், இதை மனத்தாங்கலுக்காகச் சொல்லவில்லை, இந்த லென்ஸ்களை நீங்கள் சேர்த்த காலத்தில் நீங்களும் நல்ல விலைக்குக் கிடைக்குமா என்று தேடித் தேடித்தான் பலவற்றை வாங்கியிருப்பீர்கள். அன்று விற்றவருக்கு நீங்கள் தீங்கு செய்துவிடவில்லை.

செய்ய வேண்டியது அந்த இரண்டாவது சேகரிப்பாளரை வரவழைப்பது. ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் என்ற பொருளியலாளர்கள் இருவர் 1996-இல் ஒரு முடிவை நிறுவினார்கள்: குறிப்பிட்ட அனுமானங்களின் கீழ், மிகச் சரியாகக் கணக்கிட்டு வைக்கப்பட்ட குறைந்தபட்ச விலையைக் காட்டிலும், உண்மையாக வாங்க விரும்பும் ஒரே ஒரு கூடுதல் ஆள் விற்பவருக்கு அதிகப் பலன் தருவார். தொடக்க விலையைப் பற்றி நீங்கள் செலவிட்ட யோசனையில் பாதியைப் பொருளின் பெயரைச் சரியாக எழுதுவதிலும் படம் எடுப்பதிலும் செலவிட்டிருந்தால் மூன்று ஏலங்களும் வேறு மாதிரி முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் கடிதத்துடன் அனுப்பிய விவரக் குறிப்பை வைத்தே சொல்கிறேன். 'பழைய லென்ஸ், நல்ல நிலை, படத்தைப் பார்த்து முடிவு செய்யவும்' என்ற அந்த ஒரு வரியில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, குவியத் தூரம் இல்லை, அபெர்ச்சர் எண் இல்லை, எந்தக் கேமராவில் பொருந்தும் என்பது இல்லை. அந்த லென்ஸைத் தேடுபவர் தேடல் பெட்டியில் எழுதும் சொற்கள் எவையோ அவை ஒன்றுகூட உங்கள் குறிப்பில் இல்லை. அவர் எப்படி உங்கள் பக்கத்துக்கு வந்து சேர்வார்?

வந்து சேர்ந்தவருக்கும் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வசதி கிடையாது. விற்பவருக்கு மட்டும் குறை தெரிந்திருக்கும் சந்தையில், வாங்குபவர் எல்லாப் பொருளிலும் குறை இருக்கலாம் என்று கருதி விலையைக் குறைத்தே கேட்பார், அதனால் நல்ல பொருளை வைத்திருப்பவர் நஷ்டப்படுவார் என்பதை பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். பழைய லென்ஸுக்கு அது அப்படியே பொருந்தும். உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா, கண்ணாடிகளுக்கு இடையே மங்கல் படிந்திருக்கிறதா, அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, குவிய வளையம் இறுகிவிட்டதா, இவைதான் வாங்குபவரின் பயங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் நான்கும் இருப்பதாகவே கணக்கிடுவார். லென்ஸின் பின்புறத்திலிருந்து சிறு விளக்கு ஒன்றைக் காட்டி, முன்புறத்திலிருந்து படம் எடுங்கள். பூஞ்சை இருந்தால் அதில் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் இல்லாததும் தெரியும். கேமராவானால் ஷட்டர் எந்தெந்த வேகங்களில் சரியாக இயங்குகிறது, ஒளிமானி வேலை செய்கிறதா, பின்மூடியின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை உதிர்ந்துபோய் இருக்கிறதா என்று எழுதுங்கள். ஒரு ஃபிலிம் சுருளைப் போட்டு எடுத்த படங்கள் இரண்டைச் சேர்ப்பது இன்னும் நல்லது. குறை இருந்தால் அதைப் பெரிதாகவே காட்டுங்கள். குறையைக் காட்டிய விற்பனையாளர் மற்றவற்றைப் பற்றிச் சொல்வதையும் வாங்குபவர் நம்புகிறார்.

உங்கள் கணக்கு புதிது என்பதும் ஒரு காரணம். அனுபவமுள்ள விற்பனையாளர் ஒருவருடைய பழைய கணக்கிலும், அவரே தொடங்கிய புதிய கணக்குகளிலும், ஒரே வகைப் பழைய அஞ்சல் அட்டைகளை ஈபேயில் விற்றுப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. பழைய கணக்குக்கு வாங்குபவர்கள் கொடுக்க முன்வந்த தொகை சுமார் 8 விழுக்காடு அதிகமாக இருந்தது. எனவே மீதமுள்ளவற்றில் விலை குறைந்தவற்றை முதலில் விற்று, நல்ல மதிப்புரைகளைச் சேர்த்துக்கொண்டு, அருமையானவற்றைப் பிறகு போடுங்கள்.

அடுத்தது உங்கள் எதிர்பார்ப்பு. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 'இதே லென்ஸுக்குத் தளத்தில் இரு மடங்கு விலை போட்டிருக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தளத்தில் நீங்கள் பார்ப்பவை கேட்கப்படும் விலைகள், கொடுக்கப்பட்ட விலைகள் அல்ல. சரியான விலையில் போடப்பட்ட பொருள் விற்றுப்போய்க் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. யானை விலை, குதிரை விலை சொல்லப்பட்ட பொருள் மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, வருகிற புதிய விற்பனையாளர்களுக்கெல்லாம் 'சந்தை விலை' போலக் காட்சி தருகிறது. விற்று முடிந்த ஏலங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி பெரும்பாலான தளங்களில் உண்டு. அதில் உங்களுடையதைப் போன்ற நிலையில் இருந்தவற்றின் விலைகளை எழுதி, ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் வருவதைப் பாருங்கள். மிக உயர்ந்த ஒன்றை வைத்துக் கனவு காணாதீர்கள். அன்று பிடிவாதமான இருவர் மோதியிருக்கலாம், அல்லது வென்றவர் கடைசியில் பணம் கட்டாமலே போயிருக்கலாம்.

இன்னொன்று நுட்பமானது. நம்மிடம் இருக்கும் பொருளுக்கு, அது நம்முடையது என்பதாலேயே, நாம் அதிக விலை வைக்கிறோம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட சோதனைகளில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் குவளை ஒன்றைக் கொடுத்து, விற்க என்ன விலை வேண்டும் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்களிடம் வாங்க என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்டது, வாங்குபவர்கள் கொடுக்க முன்வந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த குவளைக்கே அப்படி என்றால், முப்பது ஆண்டுகள் உங்கள் தோளில் தொங்கிய கேமராவுக்கு நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் விலையைப் பற்றி நீங்களே சந்தேகப்பட வேண்டும். அதன் மீதான உங்கள் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அன்பை வாங்குபவர் விலை கொடுத்து எடுத்துப்போக முடியாது என்றுதான் சொல்கிறேன். அன்று நீங்கள் கொடுத்த விலையும், பழுது பார்க்கச் செலவிட்டதும் அவ்வாறே. அவை செலவாகி முடிந்துவிட்டன, இன்று வாங்குபவருக்கு அவற்றோடு தொடர்பு இல்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. இந்தப் பொருள் உங்களிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; நீங்கள் எதிர்பார்க்கும் அந்தத் தொகையை இன்று கொடுத்து இதை வாங்குவீர்களா? 'மாட்டேன்' என்றால் எதிர்பார்ப்பைக் குறைக்க வேண்டும். 'வாங்குவேன்' என்று உடனே பதில் வந்தால் அந்தப் பொருளை விற்கவே வேண்டாம்.

இதற்குப் பிறகு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடிமட்டத் தொகையை ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். அதைக் கணக்கிடும் வழி எளிது. பழைய கேமரா வியாபாரிகள் இருவரிடம், இப்போதே கொடுத்தால் என்ன தருவீர்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதில் உயர்ந்ததோடு ஏலத் தளம் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தையும் உங்கள் அனுப்பும் செலவையும் கூட்டுங்கள். அதற்குக் கீழே ஏலத்தில் விற்பதில் அர்த்தம் இல்லை, வியாபாரியிடமே கொடுத்துவிடலாம். பொருளை வைத்துக்கொள்வதையே அதைவிட மேலாக நீங்கள் மதித்தால், அந்த மதிப்பே அடிமட்டம்.

தொடக்க விலையை எங்கே வைப்பது என்பதற்கு எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. குறைந்த தொடக்க விலை ஆள்களைச் சேர்க்கிறது. ஒருமுறை கேட்டவர் மறுபடி வந்து பார்க்கிறார், பலர் கேட்டிருப்பதைப் பார்த்து இன்னும் பலர் வருகிறார்கள். இதனால் குறைவாகத் தொடங்கிய ஏலங்கள் அதிகத்தில் முடிவதை 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அதே ஆய்வில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பகுதி உண்டு. பொருளின் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்து, தேடுபவர்கள் கண்ணில் எளிதில் படாத ஏலங்களில் அந்தப் பலன் காணப்படவில்லை. அங்கே குறைந்த தொடக்கம் குறைந்த விலையில்தான் கொண்டுபோய் விட்டது. கூட்டம் வரும் இடத்தில் மட்டுமே குறைந்த தொடக்கம் உதவும். உங்கள் முதல் மூன்று ஏலங்களிலும், சரியான பெயர்கூட எழுதாமல் தொடக்க விலையைத் தாழ்த்தி வைத்தது இரு வழியிலும் பாதகமாகிவிட்டது.

எனவே, பலரும் தேடும், அடிக்கடி விற்கப்படும் கேமராவானால் துணிந்து குறைவாகத் தொடங்குங்கள். ஆண்டுக்கு நான்கைந்து பேர் மட்டுமே தேடக்கூடிய அரிய லென்ஸானால் அடிமட்டத் தொகையையே தொடக்க விலையாக வையுங்கள், அல்லது ஏலத்தை விட்டுவிட்டு நிலையான விலை போட்டுக் காத்திருங்கள். ஏலம் ஏழு அல்லது பத்து நாளில் முடிந்துவிடும். அந்த நான்கைந்து பேரில் இருவர் அந்த வாரமே பார்ப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை. நிலையான விலைக்கு ஒரே ஒருவர் வந்தால் போதும், இரண்டாவது ஆள் தேவையில்லை. உங்கள் அடுத்த இரண்டு பொருள்களில் நீங்கள் செய்தது இரண்டும் கெட்ட வழி: நிலையான விலையை ஏலமாகப் போட்டீர்கள். முழு விலைக்குத் தொடங்கும் ஏலத்தில், கேட்பவருக்குப் போட்டியிட்டுக் குறைத்து எடுக்கும் நம்பிக்கையும் இல்லை, உடனே வாங்கிவிடும் வசதியும் இல்லை.

சில தளங்கள் மறைவான குறைந்தபட்ச விலையை வைக்க அனுமதிக்கின்றன. அதை எட்டாவிட்டால் விற்க வேண்டியதில்லை. பாதுகாப்பாகத் தோன்றினாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரே மதிப்புள்ள போக்கிமான் விளையாட்டு அட்டைகளை, வெளிப்படையான தொடக்க விலையிலும் மறைவான குறைந்தபட்ச விலையிலும் வைத்து விற்றுப் பார்த்த சோதனையில், மறைத்து வைத்தவை குறைவாகவே விற்றன, விற்றவையும் குறைந்த விலைக்கே போயின. எட்ட முடியாத விலை இருக்கலாம் என்று ஐயம் வந்தால் கேட்பவர் நேரத்தைச் செலவிட விரும்புவதில்லை.

கடைசி நிமிடத்தில் வந்து கேட்பவர்களைச் சதிகாரர்கள்போல எழுதியிருக்கிறீர்கள். பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் இதைப் பற்றி எழுதினார்கள். முடியும் நேரம் மாறாத ஈபே ஏலங்களில் கடைசி நேரக் கேட்புகள் மிகுந்திருந்தன; கேட்பு வந்தால் பத்து நிமிடம் நீளும் முறையை அப்போது வைத்திருந்த அமேசான் ஏலங்களில் அவை அரிதாக இருந்தன. அதோடு, ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருள்களுக்கே கடைசி நேரக் கேட்புகள் அதிகம். காரணம் புரிந்துகொள்ளத் தக்கது: பொருளை அறிந்தவர் முன்கூட்டியே கேட்டால், 'இவர் கேட்கிறார் என்றால் இதில் ஏதோ இருக்கிறது' என்று அறியாதவர்களும் பின்தொடர்வார்கள். எனவே கடைசி வரை மௌனமாக இருந்தவர்கள் உங்கள் பொருளை அறிந்தவர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர்களின் மௌனத்தைப் பார்த்து நடுவில் பதறி ஏலத்தை முடித்துவிடாதீர்கள். ஆள்கள் விழித்திருக்கும், வேலை முடிந்த நேரமாகப் பார்த்து ஏலம் முடியும்படி வையுங்கள், அது போதும்.

மலிவு தேடி வருபவர் எப்போதும் மலிவாக எடுத்துப்போவதும் இல்லை. உல்ரிக்கே மால்மெண்டியர், ஹான் லீ இருவரின் 2011-ஆம் ஆண்டு ஆய்வில், அதே தளத்தில் அதே பொருள் நிலையான விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தபோதே, 42 விழுக்காடு ஏலங்கள் அந்த விலையைத் தாண்டி முடிந்திருந்தன. இதை நம்பித் திட்டமிட வேண்டாம். ஏலம் எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கிறது என்ற கசப்பு உங்களிடம் தங்கிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

'கடைசி விலை என்ன?' என்று எழுதுபவருக்கு, 'ஏலம் இந்த நாளில் முடிகிறது, அங்கே கேளுங்கள், நன்றி' என்று ஒரு வரி போதும். கோபப்பட வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஏலத்தை நிறுத்திவிட்டுத் தனியாகக் கொடுங்கள், பணம் உடனே தருகிறேன் என்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். போட்டி வருவதற்குள் முடித்துக்கொள்ள ஒருவர் அவசரப்படுகிறார் என்றால், அந்தப் பொருள் அவர் சொல்லும் தொகையைவிட மேலே போகும் என்று அவரே நினைக்கிறார். தளத்துக்கு வெளியே கை மாறினால் தளம் தரும் பாதுகாப்பும் போய்விடும்.

மீதமுள்ள எட்டில், ஒரே வகையைச் சேர்ந்த மூன்று லென்ஸ்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை ஒரே வாரத்தில் போடாதீர்கள். ஒரே மாதிரிப் பொருள்கள் அடுத்தடுத்து ஏலத்துக்கு வந்தால் பின்னால் வருபவை குறைந்த விலைக்குப் போவது வழக்கம்; பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் ஒயின் ஏலங்களில் இதைக் கவனித்து 1989-இல் எழுதினார். முதல் லென்ஸை எடுத்தவர் இரண்டாவதற்கு வர மாட்டார் அல்லவா, அப்போது பழைய இரண்டாவது ஆள் முதல்வராகிறார், மூன்றாவது ஆளின் விலையில் முடிகிறது. மாதத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். விற்காமல் கிடக்கும் இரண்டையும், அவை அரியவை என்று நீங்கள் சொல்வது சரியானால், புதிய படங்களோடு நிலையான விலைக்கு மாற்றுங்கள். முதல் சம்பளத்தில் வாங்கியதாக நீங்கள் எழுதிய அந்தக் கேமராவை இப்போது பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு நீங்கள் எழுதியிருக்கும் தொகையை யாரும் கொடுக்கப் போவதில்லை, குறைவாகக் கொடுத்தால் நீங்கள் பொறுக்கப் போவதுமில்லை.

தோல் உறையைப் பற்றிக் கேட்டவருக்கு இன்றே பதில் எழுதுங்கள். வியாபாரி உறையைத் தேடுவது அரிது. இன்னும் எத்தனை லென்ஸ் இருக்கிறது என்றுதான் கேட்பார். உறையைக் கேட்பவர் பொருளைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறவர். உறை இருந்தால் லென்ஸோடு சேர்த்து அனுப்பிவிட்டு, அதே தயாரிப்பாளரின் அடுத்த லென்ஸ் எந்த நாளில் ஏலத்துக்கு வருகிறது என்று ஒரு வரியில் தெரிவியுங்கள். அவர் போன்ற ஒருவருக்கு எதிரே ஒரு வியாபாரி மட்டும் நின்றதால்தான் இந்த லென்ஸ் பாதி விலையில் முடிந்தது. அடுத்த ஏலத்தில் அவர் மறுபடி வந்து, நீங்கள் சரியான பெயரும் தெளிவான படங்களும் போட்டதால் அவரைப் போன்ற இன்னொருவரும் வந்துவிட்டால், விலையை வியாபாரி தீர்மானிக்க மாட்டார்.